பதினொன்றாம் அறையின் மெத்தை

ஜூன் 2, திங்கள்

என் வீட்டுக்காரரை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விட்டார்கள். ஊருக்குப் போக முடியாது. வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும், மூன்று மாதம் வேலூரிலேயே இருங்கள் என்றுவிட்டார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து போகிற தூரமா இது.

நாத்தனார் தில்லைநாயகி அலைந்து திரிந்து பிடித்த அறை இது. சாந்தமுகி லாட்ஜ், முதல் மாடி, பதினொன்றாம் எண். மற்ற லாட்ஜ்களில் எல்லாம் வைத்தியத்துக்கு வந்த கல்கத்தாக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க குடுத்த கிட்னி நல்லா வேலை செய்யுது. அவர் உடம்பு அதை வெளிய தள்ளாம இருக்க மருந்து குடுக்கறோம். ஆனா அந்த மருந்தால அவருக்கு எதிர்ப்புச் சக்தியே இருக்காது. சின்னக் கிருமி போதும். சுத்தமா வெச்சுக்குங்க."

அறைக்குள் நுழைந்ததும் விரிப்பை ஓரத்தில் தூக்கிப் பார்த்தேன். மெத்தையில் தலை வைக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு எண்ணெய் வட்டம். நடுவில் டீ கொட்டியது போல ஒரு கறை. அது டீ இல்லை. விரிப்பின் மடிப்பில் யாருடைய நீள முடியோ ஒட்டிக்கொண்டிருந்தது. தலையணையை முகர்ந்தேன், உடனே கீழே வைத்துவிட்டேன்.

கீழே போனேன். லாட்ஜ் முதலாளி பூபாலன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரிப்ப மாத்திக் குடுங்க. ஆபரேஷன் பண்ணுன ஆளு."

"காலைலதாம்மா மாத்துனது."

"முடி கெடக்குது."

"முடிதான, தட்டிவுட்டா போச்சு. இங்க வர்றவங்க எல்லாரும் பேஷண்ட்டுதாம்மா."

வேறொன்று கொடுத்தார். வெளி மடிப்பில் மட்டும் இஸ்திரி. பிரித்தால் உள்ளே காய்ந்துபோன மஞ்சள் கறை. என்னுடைய நூல் சேலை இரண்டை அந்த விரிப்பின் மேல் போட்டு அவரைப் படுக்க வைத்தேன்.

"டிப்போ பெஞ்சுல, கால நீட்ட இடமில்லாம தூங்குனவன் நான். இதுல தூங்க மாட்டனா, மங்க," என்றார். முப்பது வருஷமாக கவர்மென்ட் பஸ் கண்டக்டர். எல்லாவற்றையும் சகித்துக்கொள்வார். அதுதான் எனக்குப் பிடிக்காத குணம்.

ஜூன் 3, செவ்வாய்

சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். கிட்னி எடுத்த என் இடது பக்கம் இழுக்கிறது. பரவாயில்லை.

ஜூன் 6, வெள்ளி

காலையில் முதுகு துடைத்துவிடும்போது பார்த்தேன். வரிசை வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள். தூக்கத்தில் சொறிந்து இடுப்பருகே ஒன்று தோல் உரிந்திருக்கிறது.

தில்லைநாயகியும் நானும் மெத்தையைத் தூக்கினோம். தையல் ஓரம் முழுக்கக் கருப்புப் புள்ளிகள். விரலால் விலக்கியதும் ஓடின. மூட்டைப்பூச்சி. ஒன்றை நசுக்கினேன். சிவப்பாக வந்தது. அவருடைய ரத்தம். என் கிட்னி சுத்தம் செய்து அனுப்பிய ரத்தம்.

நசுக்கியதைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போய் பூபாலன் மேசையில் வைத்தேன். அங்கே இன்னும் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"மூட்டப்பூச்சியா? எங்க லாட்ஜுலயா?" என்றார். "ஊர்லேர்ந்து நீங்களே பொட்டில கொண்டாந்திருப்பீங்கம்மா. கிராமத்துப் படுக்கைங்க எப்டி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா?"

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். பூபாலனும் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

பிறகு ஓர் ஆளை மருந்து அடிக்க அனுப்பினார். அந்த நெடியில் என் வீட்டுக்காரர் அறையில் இருக்கக்கூடாதென்று நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அங்கேயும் இருமிக்கொண்டே இருந்தார். வேறு அறை கேட்டு ஆறு இடம் ஏறி இறங்கினோம். சத்துவாச்சாரியில் ஒன்று திங்கட்கிழமை காலியாகுமாம்.

ஜூன் 9, திங்கள்

விடியும் முன்பே நடுக்கம். இடுப்பில் சொறிந்த இடம் சிவந்து, உள்ளங்கை அகலத்துக்கு வீங்கிக் கொதிக்கிறது. ஆட்டோவில் ஏற்றும்போது என்னை அடையாளம் தெரியாமல், "டிக்கெட் எடுத்தாச்சாம்மா?" என்றார்.

நேராக ஐசியூ.

ஜூன் 10, செவ்வாய்

ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "கிருமியோட உடம்பு சண்ட போடணும்னா, கிட்னியக் காப்பாத்தற மருந்தக் கொறைக்கணும். கொறைச்சா கிட்னி போனாலும் போயிடும். உயிர் முக்கியம். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

அங்கிருந்து நேராக சாந்தமுகிக்குப் போனேன், சாமான்களைச் சத்துவாச்சாரி அறைக்கு எடுத்துப் போக. நான் மேலே போகும்போதே ஒரு வயதான தம்பதியை, ஆட்டோவிலிருந்து இறங்கிய வேர்வை காயாத முகங்களோடு, பதினொன்றாம் அறை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே வேலையாள் மெத்தையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் சுத்தம். மேல்பக்கம் கீழே, கீழ்ப்பக்கம் மேலே.

எங்கள் அறைக்குக் கொடுத்திருந்த விரிப்பு மூலையில் சுருட்டிக் கிடந்தது. அவருடைய ரத்தம் பொட்டுப் பொட்டாக இருந்தது. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கீழே பூபாலன், "உங்க வூட்டுக்காரருக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் பல் இல்லாத இடத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனேன். கல்கத்தாவிலிருந்து வருகிற ரயிலில்தான் நோயாளிகள் வந்து இறங்குவார்கள். சாந்தமுகியின் ஆட்டோக்காரன் வாசலிலேயே நின்று அவர்களை மடக்கிக்கொண்டு போவான்.

நானும் வாசலில் நின்றேன். விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து விரித்துக் காட்டினேன். சின்ன வயதில் அப்பா கட்டாயப்படுத்தி எழுத வைத்த இந்திப் பரீட்சைகள் இப்போது உதவின. இது என் கணவர் படுத்த விரிப்பு, சாந்தமுகி லாட்ஜுக்குப் போகாதீர்கள், படுக்கை அழுக்கு, மூட்டைப்பூச்சி என்று சொன்னேன்.

ஒருவரும் நிற்கவில்லை. படுக்கை அழுக்கு என்றால் யார் நிற்பார்கள்? இரண்டு ராத்திரி ரயிலில் படுத்து வந்தவர்கள்.

கடைசியாக ஒரு பெண் நின்றாள். கையில் நோஞ்சானாக ஒரு குழந்தை. விரிப்பிலிருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் கணவர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு வேறு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. இந்த வெயிலில் எப்படியும் வேர்த்து அழிந்துவிடுகிறது. தாலிக்கயிறும் கழுத்தில் உறுத்துகிறது, ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டேன்.

நான்கு குடும்பம் சாந்தமுகி ஆட்டோவில் ஏறாமல் திரும்பிப் போயிற்று.

ஜூன் 18, புதன்

அவருக்கு நினைவு திரும்பிவிட்டதாகத் தில்லைநாயகி காலையில் போன் செய்தாள். "அண்ணி, அண்ணன் உங்களத்தான் கேக்குது. எங்க இருக்கீங்க?"

ரயில் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. வருகிறேன் என்றேன்.

மத்தியானம் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல தூக்கம். எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன். சாந்தமுகி வாசலில் இரண்டு ஆட்டோக்கள் சும்மா நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஜூன் 21, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மெலிந்துபோய்விட்டார். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"காலையில எங்க போற?"

"கோயிலுக்கு."

"பொட்டு எங்க?"

"வேர்வை."

"கோயிலுக்குப் போயும் வெக்கலியா?"

தில்லைநாயகி தலை குனிந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சிறுநீர் குறைவாகத்தான் போகிறது. கிட்னி என்ன ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 25, புதன்

பூபாலன் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்.

திட்ட வருவார் என்று தயாராகத்தான் இருந்தேன். இந்த நாளுக்காக வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவர் கிட்டே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சவரம் செய்யாத முகம்.

"தவறிட்டாராமேம்மா. ஆட்டோக்காரன் சொல்லித்தான் தெரியும். சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

நான் விரிப்பை மடித்தேன்.

"பொணத்த எடுக்கும்போதாவது சொல்லி அனுப்பிருந்தா வந்து மால போட்டிருப்பேன். நாலு நாளா கண்ணு மூட முடியல. படுத்தா மேல ஏதோ ஊர்ற மாதிரியே இருக்குது. மெத்தைங்க எல்லாத்தையும் மொட்ட மாடில தூக்கிப் போட்டுட்டேன். லாட்ஜையும் பூட்டிட்டேன். என்ன மன்னிச்சிடும்மா."

அழுதார். அந்தக் கூட்டத்தில், கூலிக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் பார்க்க, ஐம்பத்தைந்து வயசு ஆம்பளை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நிம்மதியாகத் தூங்குவார் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. இளநீர் குடித்த மாதிரி உள்ளே குளிர்ந்தது.

"மன்னிக்க வேண்டியவரு இப்ப இல்லியே," என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

சாந்தமுகி பூட்டித்தான் கிடக்கிறது. போர்டு விளக்கும் எரியவில்லை. இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போனேன். பழக்கம் ஆகிவிட்டது.

எனக்குத் தையல் போட்ட இடத்தில் நீர் வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வார்டில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய போன் அடித்தது. ஊரிலிருந்து தம்பி ஆடலரசு. இவர் ஸ்பீக்கரில் போட்டார். எடுத்த எடுப்பில் பொம்பளைகள் மாரடித்து அழுகிற சத்தம்.

"யாருடா செத்தது?" என்றார் இவர்.

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. பிறகு ஆடலரசு, "அண்ணே, நீதான்ணே," என்றான்.

லாட்ஜில் எழுதிக் கொடுத்திருந்த முகவரியை வைத்துக்கொண்டு பூபாலன் பஸ் ஏறி ஜெயங்கொண்டம் போயிருக்கிறார். கையில் ரோஜா மாலை. வீட்டு வாசலில் நின்று, போட்டோவுக்குப் போடணும், போட்டோ எங்க என்று கேட்டிருக்கிறார். ஆடலரசு பெண்சாதி அங்கேயே மயங்கி விழுந்திருக்கிறாள். தெருவே கூடிவிட்டது. பந்தல்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டுத்தான் என் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் எடுக்கவில்லையாம். கடைசியில் யாரோ இவர் போனுக்கே அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பந்தல வேணாம்னு சொல்லு. வந்தவருக்குச் சோறு போட்டு அனுப்பு," என்று போனை வைத்தார்.

தில்லைநாயகி என்னையே பார்த்தாள். "அண்ணி, நீங்களா சொன்னீங்க?"

"அவன் என்ன செஞ்சான்னு யாரும் கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

இவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சவன் நான். எனக்கு நீ கிழிச்சிட்டியா, மங்க."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

பூபாலன் வார்டுக்கு வந்தார். கட்டில் கால்மாட்டில் நின்று இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உயிரோடதான் கீறாரு," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. கண் கலங்கியது. அப்புறம் அந்த முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வாரக் கணக்கா சோறு துன்னலம்மா நான். கொலகாரன்னு நெனச்சிகினு இருந்தேன். கட்டுன புருசன செத்துட்டான்னு சொல்லிகினு ஸ்டேஷன்ல நின்னியே, நீயெல்லாம் ஒரு பொம்பளயா?"

நர்ஸ் ஓடிவந்து அவரை வெளியே அனுப்பினாள்.

சாயங்காலம் சாந்தமுகி வழியாக நடந்து வந்தேன். விளக்கு எரிந்தது. மொட்டை மாடியிலிருந்து மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதே மெத்தைகள். மழையில் நனைந்து இன்னும் கனத்துப்போயிருந்தன.

ஜூலை 4, வெள்ளி

ஸ்டேஷனில் நான் வாயைத் திறக்குமுன் சாந்தமுகி ஆட்டோக்காரன் முந்திக்கொண்டான். "இன்னாக்கா, வூட்டுக்காரர் எந்திரிச்சிட்டாராமே?" என்றான். எல்லா ஆட்டோக்காரர்களும் சிரித்தார்கள். பிறகு ரயிலில் வந்தவர்களிடம் அவர்கள் பாஷையிலேயே, இவள் பைத்தியம், உயிரோடு இருக்கிற கணவனைச் செத்துவிட்டான் என்று சொல்கிறவள் என்று சொன்னான்.

விரிப்பைக் காட்டினேன். ரத்தத்தைக் காட்டினேன். மூட்டைப்பூச்சி நிஜம் என்றேன். இரண்டு குடும்பம் என் கண்முன்னால் அவன் ஆட்டோவில் ஏறிப் போயிற்று.

ஜூலை 7, திங்கள்

கிட்னி போய்விட்டது. இனி வாரம் மூன்று டயாலிசிஸ். கிட்னிக்கான மருந்துகளை நிறுத்தப்போகிறார்கள்.

டாக்டரம்மா போன பிறகு நானும் அவரும் மட்டும் இருந்தோம். பூபாலனை என்ன செய்யலாம் என்று நான் பேச ஆரம்பித்தேன். வக்கீல், பேப்பர்காரர்கள், கலெக்டர். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐசியூல கண்ணு முழிச்சப்ப கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒவ்வொரு தடவ தெறக்கும்போதும் நீதான்னு நெனப்பேன். காலைல பூரா பாப்பேன். நீ வரவே இல்ல."

"அந்த நேரத்துலதான் ரயில் வரும்," என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

என் தையலை நர்ஸிடம் காட்டச் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. மருந்து போட்டுக் கட்டினார்கள்.

ஜூலை 12, சனி

நேற்று டிஸ்சார்ஜ். சத்துவாச்சாரி அறைக்கு வந்துவிட்டோம். காலையில் நான் செருப்பை மாட்டும்போது அவரும் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"நானும் வர்றேன்."

"கூட்டம். உங்களுக்கு ஆவாது."

"கிட்னிதான் போயிடிச்சே, இனி என்ன? மாஸ்க் போட்டுக்கறேன். உம்மேல எனக்குக் கோவம் இருக்கு, அது வேற. ஆனா மூட்டப்பூச்சி என்னத்தான கடிச்சது. நான் சொல்றேன். நீ இந்தில சொல்லு. நடந்தத மட்டும் சொல்லு."

ஸ்டேஷன் வாசலில் சட்டையைத் தூக்கி இடுப்புத் தழும்பைக் காட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கத்திய தொண்டை, எவ்வளவு மெலிந்தும் அது மட்டும் அப்படியே இருந்தது. அவர் ஒரு வரி சொல்வார், நான் இந்தியில் சொல்வேன். இவர் என் கணவர். சாந்தமுகி லாட்ஜின் மெத்தையில் படுத்தார். நான் கொடுத்த கிட்னி போயிற்று. ஆட்டோக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தழும்பைப் பார்த்துவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விட்டான்.

ஒரு வயதான தம்பதி நின்று முழுக்கக் கேட்டார்கள். கணவருக்குக் கழுத்தில் கட்டி. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "சரி மகளே, அங்கே போகவில்லை. அப்படியானால் நாங்கள் எங்கே தங்குவது?" என்று கேட்டாள்.

இத்தனை நாள் நின்றும் அதை நான் யோசித்ததே இல்லை. எங்கே போகக்கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

என் கணவர் அவர்கள் பெட்டியைத் தூக்கப் போனார். தடுத்து, ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரித் தெருக்களில் லாட்ஜ் லாட்ஜாக ஏறினோம். ஒவ்வொரு இடத்திலும் நானும் அந்த அம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். முதல் இடத்தில் கறை. இரண்டாவது இடத்தில் தூக்கவே விடவில்லை. மூன்றாவதில் மெத்தை பழசுதான், ஆனால் சுத்தம், வெயிலில் காய்ந்த வாடை. அங்கே அவர்களை இறக்கினோம். நாளைக்கு இன்னும் சில இடங்களைப் பார்த்து வைக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார்.

திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் சாந்தமுகி வழியாகப் போகச் சொன்னேன். அது சுற்றுவழி என்றார். பரவாயில்லை என்றேன். பூபாலன் வாசலில் நின்றிருந்தார். மெதுவாகப் போங்கள் என்றேன். என் கணவரை அவர் நன்றாகப் பார்க்கட்டும்.